புதுப்பிப்பு: ஜீப்பின் 'டிக் டிக்' சத்தம்

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஓடும் என் பழைய டீசல் ஜீப், காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று அடிக்கிறது, சூடானால் தணிகிறது, கம்பம்மெட்டு ஏற்றத்தில் மறுபடி வருகிறது என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் டேப்பெட் (இன்ஜின் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) என்றீர்கள். சிலர் இன்ஜினுக்குள் பேரிங் தேய்ந்திருக்கும் என்று வயிற்றில் புளியைக் கரைத்தீர்கள்.

இரண்டும் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்; அதாவது, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில், புகை கசியாமலிருக்கப் போடும் தகடு.

டேப்பெட் இடைவெளி சரியாகவே இருந்தது. அப்புறம் மெக்கானிக் அண்ணன் இன்ஜின் ஓடும்போதே சிலிண்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசி சிலிண்டருக்கு டீசல் நின்றதும் சத்தமும் அடங்கியது. பேரிங் அடித்தாலும் இப்படி அடங்கும் என்பதால் ஆயில் பிரஷரையும் பார்த்தார், குறையவில்லை. டார்ச் அடித்தால், மேனிஃபோல்டு ஓரத்தில் கரி, அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் (திருகாணி) ஒன்று முறிந்திருக்கிறது! சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடும்; ஏற்றத்தில் புகையின் அழுத்தம் கூடினால் மறுபடி கசியும்.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதற்குள்தான் பெரும்பாடு. மேனிஃபோல்டு முகத்தையும் சமன் செய்து புது கேஸ்கெட் போட்டாயிற்று. நெடுங்கண்டம் வரை லோடுடன் போய் வந்தேன், சத்தமே இல்லை.

ஒன்று: காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை) இந்த நட்டு தளர்த்தும் வேலையைச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.