சுருட்டை மயிர்ப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவருமுன்: எங்கள் அனுபவங்கள்

எங்கள் குடும்பம் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறது. என் மகளுக்குச் சிறு வயது முதலே வீசிங் தொந்தரவு உண்டு; பூனை வளர்க்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையும் ஏறக்குறைய அதே அளவு பழையது. டெவன் ரெக்ஸ் என்னும் சுருட்டை மயிர்ப் பூனை அலர்ஜி தராது என்று ஒரு விற்பனை விளம்பரத்தில் படித்தபோது, இரண்டுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிட்டதாக எண்ணினோம். அந்த ஒரு வரியை நம்பி நான்கு மாதம் காத்திருந்து குட்டியைக் கொண்டுவந்தோம். மூன்றாவது வாரத்தில் மகள் இரவில் மூச்சுத் திணறி எழுந்தாள்.

மருத்துவர் விளக்கிய பிறகுதான் எங்கள் பிழை புரிந்தது. ஒவ்வாமையை உண்டாக்குவது மயிர் அன்று. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஃபெல் டி 1 என்ற புரதமே காரணம். பூனை உடம்பை நக்கும்போது அது மயிரில் படிந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக வீடெங்கும் பரவுகிறது. டெவன் ரெக்ஸ் மயிரைக் குறைவாக உதிர்க்கும் என்பது உண்மைதான், ஆனால் எச்சில் இல்லாத பூனை உலகில் ஏது? பூனைக்குப் பூனை இந்தப் புரதத்தின் அளவு மாறுவதால், ஒரு வீட்டில் தொந்தரவு தராதது இன்னொரு வீட்டில் தரலாம். குட்டியைப் பார்க்கப் போன அன்று நாங்கள் அரை மணி நேரம் மட்டுமே அங்கு இருந்தோம். வளர்ந்த பூனைகள் உள்ள அதே வீட்டில், மகளோடு, வெவ்வேறு நாள்களில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தோம். குட்டியை எந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும், இந்த இனத்தை வளர்த்து எங்களுக்கு விற்றவரே வாங்கிக்கொள்வார் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. அவர் முகம் சுளிக்காமல் வந்து எடுத்துச் சென்றார். மகள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

குட்டியை விற்ற அவரிடம் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். டெவன் ரெக்ஸ் இனத்தில் தசைகளைத் தளரச் செய்யும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. நோயுள்ள குட்டியால் தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியாது. சிறிது தூரம் நடந்தாலே களைத்து, முன்னங்கால்களை ஏதாவது ஒரு பொருளின் மேல் ஊன்றி நிற்கும். உணவு தொண்டையில் அடைத்தே இறந்துவிடவும் கூடும். கோல்க்யூ என்ற மரபணுவில் உள்ள பிழையே இதற்குக் காரணம் என்பதால், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். தாய், தந்தை இரண்டுக்கும் எடுத்த சோதனைத் தாளை அவர் நாங்கள் கேட்குமுன்பே மேசையில் வைத்தார். இதயத் தசை தடிக்கும் நோய்க்காகப் பெற்றோர்ப் பூனைகளுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். இந்த இனத்தில் பி இரத்த வகை மிகுதியாக இருப்பதால், அறுவை சிகிச்சை ஏதேனும் வரும் முன்பே வகையைச் சோதித்து வைப்பது நல்லது. பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பவர் அதைப் பிறந்த இடத்தில் தாயோடு காட்டியாக வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் வந்து தருகிறேன் என்று ஒருவர் முதலில் எங்களிடம் சொன்னார். அவரிடம் வாங்கவில்லை என்பதில் இன்றும் நிம்மதி.

*

மேலே எழுதிய சகோதரிக்கு வணக்கம். எங்களிடம் இருப்பது கார்னிஷ் ரெக்ஸ். பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கார்ன்வாலின் போட்மின் பகுதியில் 1950-இல் பிறந்த கல்லிபங்கர் என்ற ஆண் குட்டிதான் எங்கள் பூனை இனத்தின் மூதாதை. பத்தாண்டு கழித்து டெவனில் கிடைத்த சுருட்டைப் பூனையைக் கார்னிஷ் பூனைகளோடு சேர்த்தபோது குட்டிகள் எல்லாம் நேர் மயிரோடு பிறந்தன. மரபணு வேறு என்பது அப்படித்தான் தெரிந்தது. இரண்டிலும் சுருட்டை ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருபுறமும் வந்தால்தான் வெளிப்படும். சுருளை நிலைநிறுத்துவதற்காகக் கல்லிபங்கரை அதன் தாயோடேயே சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவு நெருங்கிய உறவிலிருந்து தொடங்கிய இனம் என்பதால்தான், குட்டியின் முன்னோர் பட்டியலில் ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று நான் எண்ணிப் பார்த்தேன். நீங்களும் எண்ணுங்கள், அழகான தாளில் அச்சிட்டிருந்தாலும் தயங்க வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதானால், இதற்கு மேல்மயிர் இல்லை, மெல்லிய அடிமயிர் மட்டுமே. கையில் எடுத்தால் காய்ச்சல் கண்டது போல் சுடும். உண்மையில் உடல் வெப்பம் மற்றப் பூனைகளுக்கு உள்ளதுதான், தடுக்க மயிர் இல்லாததால் அப்படித் தெரிகிறது. குளிர்காலம் முழுவதும் ரேடியேட்டரின் மேலேயோ என் சட்டைக்குள்ளேயோதான் இருக்கும். வெப்பத்துக்காக வரும் கூடுதல் கட்டணத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! பசியும் அதிகம். தோலில் சுரக்கும் எண்ணெயை உறிஞ்ச அடர்ந்த மயிர் இல்லாததால் படுக்கை விரிப்பில் பழுப்புக் கறை படியும். காதிலும் நகக் கண்களிலும் அழுக்குச் சேரும். சில வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டுகிறோம். குட்டியாக இருக்கும்போதே தண்ணீருக்குப் பழக்காவிட்டால் கீறல்கள் நிச்சயம். வெயிலில் தோல் பொசுங்கும் என்பதால் வெளியே விடுவதில்லை.

*

செல்கர்க் ரெக்ஸ் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. இது அமெரிக்காவின் மொன்டானாவில் 1987-இல் பிறந்த ஒரு பூனையிலிருந்து வந்த இனம். சுருட்டை இதில் ஓங்கு பண்பு, அதாவது தாய், தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்; ஆகவே ஒரே ஈற்றில் சுருட்டையும் நேர் மயிரும் கலந்து பிறக்கும். முதல் ஈற்றிலேயே பாரசீகப் பூனையைச் சேர்த்திருப்பதால், அவ்வினத்தின் சிறுநீரக நீர்க்கட்டி நோயும் உடன் வர வாய்ப்புண்டு. அதற்கும் மரபணுச் சோதனை இருக்கிறது, கேளுங்கள். மயிர் அடர்த்தி, தாராளமாக உதிரும். அளவுக்கு மீறிச் சீவினால் சுருள் அவிழ்ந்துவிடும்.

குட்டி வளரும்போது சுருட்டை மறைந்து, மயிர் கலைந்த விளக்குமாறு போல ஆகும். எங்களுடையதற்கு ஆறாம் மாதம் அப்படி ஆனபோது, ஏமாற்றிவிட்டார்கள் என்று என் மனைவி விற்றவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதிவிட்டார். பத்தாம் மாதம் கழுத்தடியில் முதல் சுருள் திரும்பியது. மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதினேன்.