மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் கார்புரேட்டரா, டயரா?

புதுச்சக்கரம்: என் 150 சிசி வண்டியில் பின் டயர் தேய்ந்துவிட்டது. 100/90-17 (100 மி.மீ. அகலம், அதில் 90 சதவீதம் உயரம், 17 அங்குல ரிம்) இருந்த இடத்தில் 120/80-17 போட்டேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் பிக்கப் மந்தம், மைலேஜும் குறைவு. கார்புரேட்டரை டியூன் செய்தால் சரியாகுமா?

ஸ்குரூடிரைவர்: தாராளமாக. மிக்சர் ஸ்குரூவை (கார்புரேட்டரில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகு) மெதுவாக மூடி, எத்தனை சுற்று இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி மூடினால் முனை போய்விடும். பழைய இடத்துக்கே திருப்பி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கை (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கொஞ்சம் ஏற்றி, ஸ்குரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எங்கே உச்சத்துக்கு ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, அப்புறம் ஐட்லிங்கை இறக்குங்கள்.

செயின்கவர்: டயர் மாற்றிய பிறகு வந்த கோளாறுக்குக் கார்புரேட்டரில் வைத்தியமா? பழைய டயரின் விட்டம் சுமார் 612 மி.மீ., புதியது 624. சக்கரம் 2 சதவீதம் பெரிதாகிவிட்டது, எடையும் கூடியிருக்கும். பிக்கப் மந்தமாகத்தான் செய்யும்.

ஸ்குரூடிரைவர்: 2 சதவீதமெல்லாம் ஒரு காரணமா சகோ? பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

செயின்கவர்: பார்க்கட்டும். ஆனால் மிக்சர் ஸ்குரூவின் அதிகாரம் ஐட்லிங்கிலும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திருகும் சின்னத் திறப்பிலும்தான். நடுத் திறப்பில் பெட்ரோலை அளப்பது கார்புரேட்டரின் ஊசி, முழுத் திறப்பில் மெயின் ஜெட் என்ற துளை. மந்தம் எந்தத் திறப்பில் என்றே நீங்கள் கேட்கவில்லை. இன்னொன்று: பழைய டயருக்கான ரிம் இதற்குக் குறுகல். ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். அகல டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்று நம்பிப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

புதுச்சக்கரம்: எல்லாத் திறப்பிலும் மந்தம்தான். பிளக் நல்ல பழுப்பு. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்தில்.

செயின்கவர்: அப்படியானால் மீட்டர் தப்பாகக் காட்டவில்லை, மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

ஸ்குரூடிரைவர்: அவசரப்படாதீர்கள். பிளக் நிறம் கடைசியாக ஓட்டிய விதத்தைத்தான் காட்டும். ஐட்லிங்கில் நிறுத்தி அணைத்துவிட்டுப் பார்த்தால் ஏமாற்றும்.

கிரீஸ்கை: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். டயர் மாற்றப் பின் சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது செயினை இறுக்கிவிட்டார்களா, பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா? சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். காற்றழுத்தமும் பாருங்கள்.

புதுச்சக்கரம்: சுற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது, உரசும் சத்தமும் வருகிறது. பிரேக் ராடு நட்டைத் தளர்த்தியதும் தாராளமாகச் சுற்றுகிறது. ஓட்டிப் பார்த்தேன், பிக்கப் பெரும்பாலும் திரும்பிவிட்டது.

ஸ்குரூடிரைவர்: பார்த்தீர்களா, டயர் காரணமில்லை.

செயின்கவர்: கார்புரேட்டரும் இல்லையே! "பெரும்பாலும்" என்கிறாரே, மிச்சம் அந்த 120 டயர்தான். அடுத்த முறை 100/90-க்கே போங்கள். தடிமன் வேண்டுமென்றால், ரிம் அகலமும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இடைவெளியும் இடம் கொடுக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்குரூடிரைவர்: ஏர் ஃபில்டரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். மிச்சம் அங்கேயும் இருக்கலாம்.