மாதவிடாய் தேதி தாறுமாறா வருது, டாக்டரைப் பார்க்கணுமா?

கேள்வி (சுங்கை சிப்புட்): தங்கச்சிக்கு 24 வயசு. ஒரு தடவை 26 நாள்ல வருது, அடுத்தது 50 நாள் ஆகுது. எப்போ கிளினிக் போகணும்?

மல்லிகா: ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ணுங்க. பெரியவங்களுக்கு 21லிருந்து 35 நாள் சரி. 50 நாள் அடிக்கடின்னா கண்டிப்பா காட்டணும். கர்ப்ப வாய்ப்பு இருந்தா முதல்ல சிறுநீர்ச் சோதனை.

தோட்டத்து நர்ஸ்: கருமுட்டை வெளிவராத மாசங்கள்ல கருப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், பிறகு மொத்தமா கொட்டும். அதனால 3 மாசம் வராம விடவே கூடாது. முகத்துல முடி, பரு இருந்தா பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கலாம். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்), ரத்தசோகை சோதனை கேளுங்க. தேதி குறிச்ச காலண்டரைக் கொண்டுபோங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பார்.

சரோஜா: மணிக்கொரு பேட் நனைஞ்சு 2 மணி நேரம் தொடர்ந்தா, தலை சுத்தினா, காத்திருக்காதீங்கம்மா, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.