பாலே டான்ஸர் மார்கோ ஃபொன்டெய்ன் அத்தனை வயசு வரைக்கும் எப்படி ஆடினாங்க?

மல்லிகா_ஆர்:
'ரோமியோ ஜூலியட்' பாலேவோட 1966 படத்தை நேத்து பார்த்தேன். ஜூலியட்டா வர்ற ஃபொன்டெய்ன் 1919-ல பிறந்தவங்களாம்! பாலேல நாற்பதுக்குள்ள ஆட்டத்தை முடிச்சுக்குவாங்கன்னு சொல்வாங்களே? எல்லாம் கூட ஆடின நுரேயேவ் புண்ணியமா?

ஓரசீட்டு:
சந்தேகமென்ன! 1961-ல பாரிஸ் ஏர்போர்ட்ல சோவியத் ஆளுங்ககிட்டேருந்து தப்பிச்ச ரஷ்ய டான்ஸர் அவர். 1962 பிப்ரவரி 21, லண்டன் கோவென்ட் கார்டன் தியேட்டர்ல ரெண்டு பேரும் 'ஜிசெல்' பாலே ஆடினப்ப அவருக்கு 23, இவங்களுக்கு 42. அதோட ரெண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பம்.

சலங்கை_டீச்சர்:
ஓரசீட்டு சொல்றது பாதிதான். அவர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 1949-லயே, 'ஸ்லீப்பிங் பியூட்டி' ஆடி நியூயார்க்கைக் கட்டிப் போட்டவங்க இவங்க. அதுல ரோஸ் அடாஜியோன்னு ஒரு கட்டம். ஒத்தக்கால் விரல்நுனியில நிக்கணும், இன்னொரு கால் பின்னாடி மடங்கித் தூக்கியிருக்கும். நாலு இளவரசருங்க ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிப்பாங்க. ஒருத்தர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடிக்கிறதுக்குள்ள எந்தப் பிடிமானமும் கிடையாது. முகம் சிரிச்சபடியே இருக்கணும். பரதம் சொல்லிக்கொடுக்கிற எனக்கே அதைப் பார்த்தா கணுக்கால் கூசும்.

அப்புறம் பணம். 1964-ல பனாமாவுல அவங்க புருஷன் ராபர்டோ ஆரியாஸைச் சுட்டுட்டாங்க. உயிர் தப்பிச்சார், ஆனா கை கால் விளங்கல. வைத்தியச் செலவுக்கு இவங்க ஆடித்தான் ஆகணும். கலைத் தாகம்னு உருகி எழுதுறவங்க இந்த பில்லைப் பத்திப் பேசவே மாட்டாங்க.

இன்னொண்ணு. இந்த 'ரோமியோ ஜூலியட்'டுக்கு நடனம் அமைச்ச மேக்மில்லன் அந்த ஜூலியட்டை லின் சீமோர்ங்கிற இன்னொரு டான்ஸரை மனசுல வச்சுதான் அமைச்சார். 1965-ல முதல் காட்சி மட்டும் ஃபொன்டெய்ன்-நுரேயேவ் ஜோடிக்குப் போச்சு, டிக்கெட் விக்கணுமே! அன்னிக்குக் கைதட்டல் ஓயாம 43 தடவை திரை தூக்கினாங்களாம். சீமோரை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

மல்லிகா_ஆர்:
ஐயோ, சீமோர் பாவம். ஆனா டீச்சரக்கா, படத்துல வயசே தெரியலையே?

சலங்கை_டீச்சர்:
நல்லாத் தெரியுதும்மா. தாவுற உயரத்தைப் பாரு, நுரேயேவ் எங்கே, இவங்க எங்கே. அந்தக் குறையைக் கழுத்தும் கையும் ஈடு கட்டிடுது. பால்கனி சீன்ல அவர் சுத்திச் சுத்தி ஆடுறப்ப இவங்க சும்மா நின்னு பார்க்கிறாங்க இல்ல? அந்த நிக்கிறதைப் பாரு. எங்க கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஓரசீட்டு:
புருஷன் சமாசாரம் எனக்குப் புதுசு. கடைசி காலத்தைப் பனாமாவுல மாட்டுப் பண்ணையில கழிச்சாங்கன்னு மட்டும் படிச்சிருக்கேன். ரோஸ் அடாஜியோவுக்கு லிங்க் இருந்தா போடுங்க டீச்சர்.