கண்மாய்க்கரை நடையில் எழுதிய பட்டாம்பூச்சிக் குறிப்புகள்: இவற்றால் பயன் உண்டா?

கண்மாய்க்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற பின், மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயின் கரைமேல் மடையிலிருந்து கலிங்கு வரை நடந்து, அங்கிருந்து பனங்காட்டு வண்டிப்பாதை வழியாக வீடு திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. மொத்தத் தொலைவு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வாரத்தில் நான்கைந்து நாள்கள் போகிறேன். வழியில் காணும் பட்டாம்பூச்சி, தட்டான், பறவை, ஓணான், பாம்பு என எதுவாயினும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். மூன்று ஆண்டுகளில் இரண்டு குறிப்பேடுகள் நிரம்பிவிட்டன.

சென்ற வாரம் பேத்தியின் உதவியோடு அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். அப்போது ஒன்று தெரிய வந்து மனத்தை வருத்தியது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முதல் ஆண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாள்களில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் பதினேழு நாள்கள். மூன்றாம் ஆண்டில் ஆறே நாள்கள். அதன் புழு தின்னும் எருக்கு கரையெங்கும் முன்போலவே நிற்கிறது. கரையோர வயல்களில் மருந்து அடிப்பது கூடியிருப்பதால் இப்படி ஆயிற்றா? இந்தக் குறிப்புகளை யாரிடமாவது ஒப்படைத்தால் பயன்படுமா? இனியும் எழுதுவதென்றால் எப்படி எழுத வேண்டும்? அறிந்தோர் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆவாரங்காடு எழுதியது:

வணக்கம் ஐயா. மூன்று ஆண்டுகள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள் என்பதே பெரிய செய்தி. பெரும்பாலோர் மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் வயலில் அடிக்கும் மருந்தின்மேல் பழியைப் போடும் முன்பு இரண்டு கேள்விகளுக்கு நீங்களே விடை தேட வேண்டும். ஒன்று, மூன்றாம் ஆண்டில் கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா, அல்லது புதியதாகவும் அரிதாகவும் பட்டவற்றை மட்டும் எழுதினீர்களா? இரண்டு, மூன்று ஆண்டும் ஒரே நேரத்தில்தான் புறப்பட்டீர்களா?

இவற்றைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் நமக்கு எல்லாமே புதுமை. வெந்தய வரியனைக் கண்டால் ஓடிப்போய் எழுதுவோம். ஓராண்டு கழிந்தபின் அது 'எப்போதும் இருப்பதுதானே' என்று ஆகிவிடுகிறது, பேனா பையைவிட்டு வெளியே வருவதில்லை. பிற்பாடு ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கோ பூச்சி குறைந்துவிட்டது போலத் தோன்றும். குறைந்தது பூச்சியா, எழுதியவரின் வியப்பா என்று அந்த ஏட்டைக் கொண்டு சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்டு என்ற ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் மாங்க்ஸ் வுட் என்னுமிடத்தில் ஒரு வழி கண்டார். ஒரே பாதையில், ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய 26 வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை சீரான வேகத்தில் நடக்க வேண்டும். நடப்பவருக்கு இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் என ஒரு பெட்டி தம்முடனேயே நகர்ந்து வருவதாக எண்ணிக்கொண்டு, அந்தப் பெட்டிக்குள் வரும் பட்டாம்பூச்சிகளை மட்டும் இனவாரியாக எண்ண வேண்டும். பத்து மீட்டருக்கு அப்பால் எவ்வளவு அழகான ஒன்று பறந்தாலும் கணக்கில் சேராது. வேண்டுமானால் ஏட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். 1976-இல் இதே முறையில் தொடங்கிய நாடு தழுவிய கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. நடப்பவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்ற தன்னார்வலர்களே.

உங்கள் பாதையை ஆறேழு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மடையிலிருந்து முதல் புளியமரம் வரை ஒன்று, எருக்கம்புதர் நிற்கும் கரை ஒன்று, கலிங்கு ஒன்று, பனங்காடு ஒன்று என இடத்தின் தன்மை மாறுமிடத்தில் துண்டும் மாறட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே எண்ணிக்கை எழுதுங்கள். எதுவும் இல்லாத துண்டில் 0 என்று கட்டாயம் எழுதுங்கள். வெறுமையாக விட்டால் அது 'பார்த்தேன், இல்லை' என்பதா, 'பார்க்கவில்லை' என்பதா என்று பின்னால் உங்களுக்கே தெரியாது.

கண்மாய்க்கரையான் எழுதியது:

ஐயா, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஏட்டை மீண்டும் புரட்டினேன். இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பக்கத்தின் மேல் 'இனி வழக்கமானவற்றை எழுதத் தேவையில்லை, இடம் மிச்சம்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது! நேரமும் மாறியிருக்கிறது. முதல் ஆண்டில் ஒன்பது மணிக்குமேல் கிளம்பினேன். பிறகு வெயிலுக்கு அஞ்சி ஆறரை மணிக்கே போய்த் திரும்பிவிடுகிறேன்.

பனையுழவாரன் எழுதியது:

ஆறரை மணிக்குப் பறவைக்குப் போகலாம், பட்டாம்பூச்சிக்குப் போக முடியாது. உடல் சூடேறாமல் அது பறப்பதில்லை. அந்த நேரத்தில் இலைக்கடியில் தொங்கிக்கொண்டோ, வெயில் விழும் இலைமேல் இறகை விரித்துக்கொண்டோதான் இருக்கும். மூன்றாம் ஆண்டின் ஆறு நாள்களுக்கு இதுவே பாதி விளக்கம்.

ஆவாரங்காடு அவர்கள் சொன்ன முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதன் நேர விதிகளை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரலாகாது. அங்கே காலை 10.45 முதல் பிற்பகல் 3.45 வரை நடக்கச் சொல்கிறார்கள். வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் நடக்கக் கூடாது, 13-க்கும் 17-க்கும் இடையில் இருந்தால் வெயில் போதுமான அளவு இருக்க வேண்டும் என்கிறார்கள். அது குளிருக்கு அஞ்சிய விதி. மேலூரில் மார்கழி விடியலில்கூட 13 டிகிரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! நமக்குத் தொல்லை வெயிலின் உச்சி: சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்குமேல் பட்டாம்பூச்சிகளும் நிழலுக்கு ஒதுங்கிவிடும். என் அனுபவத்தில் எட்டரைக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட நேரமே ஆண்டு முழுவதற்கும் பொருந்துகிறது. அதேபோல் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்ற வரம்பும் நமக்குப் பொருந்தாது. மதுரைப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையில் செடிகள் தழைத்த பிறகுதான் கரையோரம் நிறைந்து பறக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் நடங்கள். மழை தூறினாலும் காற்று பலமாக அடித்தாலும் அந்த வாரத்து நடையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

இன்னொன்று. வாரத்தில் ஐந்து நாளும் எண்ண வேண்டாம். ஒருநாள் எண்ணும் நாள்; மற்ற நாள்களில் சும்மா நடங்கள். எல்லா நாளும் கணக்கு என்றால் மூன்றே மாதத்தில் சலிப்பு வந்துவிடும், நடையும் நின்றுவிடும்.

பறவைகளை இபேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) ஏற்றுங்கள். அதில் எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு, 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறேனா' என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும்படி காகத்தையும் மைனாவையும் சேர்த்தே எழுதுங்கள். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது என்றால், அதற்கு அடிப்படை ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் இப்படி ஏற்றிய மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளே. உங்கள் பனங்காட்டில் பனை உழவாரன் பறக்கிறதா என்று பாருங்கள் (என் புனைபெயருக்காகக் கேட்கவில்லை). காய்ந்து தொங்கும் பனையோலையில் கூடு ஒட்டி வாழும் பறவை அது; பனையை வெட்டினால் எண்ணிக்கையில் உடனே தெரியும்.

வேலிப்பருத்தி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். எண்ணும் முறையைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் அடையாளம் காண்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வெந்தய வரியன் என்று எழுதிய நாற்பதில் சில வேறொன்றாக இருக்கலாம்.

டனாய்டு எக்ஃபிளை என்ற பட்டாம்பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டுத் திரியும். எருக்கம்பாலைத் தின்று வளர்ந்த வெந்தய வரியனைப் பறவைகள் தின்னத் தயங்கும். அந்தத் தயக்கத்தை இது தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. பறக்கும்போது பிரித்தறிவது கடினம். உட்கார்ந்திருக்கும்போது பின்னிறகைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று கரும்புள்ளிகள் இருக்கும், ஆணுக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு. மற்றதற்கு நடுவில் புள்ளியே இராது. மேல்விளிம்பையொட்டி ஒரே ஒரு கரும்புள்ளி இருக்கும். இதன் ஆணுக்கும் பெண்ணுக்கும் உறவே இல்லை என்று தோன்றும்: ஆண் கன்னங்கரேலென்று, ஊதா ஒளிரும் விளிம்புடைய வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பெண் தரையில் படர்ந்த பருப்புக்கீரையைத் தேடித் தாழ்வாகப் பறந்து முட்டையிடும். எருக்கையே சுற்றிவருவது வெந்தய வரியன், தரையோரம் கீரையைத் தட்டிப் பார்ப்பது மற்றது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஏட்டில் உறுதியாக எழுத வேண்டாம்.

இதே ஏமாற்று வேலையை மார்மன் பட்டாம்பூச்சியின் பெண்ணும் செய்யும். அதில் ஒரு வடிவம் ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியைப் போலவும், மற்றொன்று சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சியைப் போலவும் இருக்கும். சிறகைப் பார்த்து மயங்காமல் உடலைப் பாருங்கள்: அழகிகள் இரண்டுக்கும் உடல் சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு.

புல்மேல் தாழப் பறக்கும் மஞ்சள் பூச்சிகளையும், நகக்கண் அளவுள்ள நீலப் பூச்சிகளையும் நடந்துகொண்டே இனம் பிரிக்க முயலாதீர்கள். 'மஞ்சள், யூரேமா பேரினம், 7' என்று, நெருங்கிய இனங்களுக்குப் பொதுவான பேரினப்பெயரை எழுதினால் போதும். தவறான இனப்பெயரைவிட நேர்மையான பேரினப்பெயர் பல மடங்கு மதிப்புள்ளது. ஐயம் உள்ளவற்றைக் கைப்பேசியில் இறகின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் இடுங்கள். பார்த்துச் சொல்ல ஆள்கள் இருக்கிறார்கள். வலை கொண்டு பிடிக்க வேண்டாம். பல பட்டாம்பூச்சிகள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ளன.

கரையின் செடிகளையும் ஒருமுறை பட்டியலிட்டுவிடுங்கள், ஏனென்றால் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் தத்தமக்குரிய செடியைத்தான் தின்னும். எலுமிச்சை அழகிக்கு நார்த்தை, வில்வம், கறிவேப்பிலை. அழகிகள் இரண்டுக்கும் ஆடுதீண்டாப்பாளை. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளியும் நன்னாரியும். காமன் பியரோவுக்கு இலந்தை. காமன் காஸ்டருக்கு ஆமணக்கு. வரப்பைச் செதுக்கும்போது ஆடுதீண்டாப்பாளை போய்விட்டால், அடுத்த மாதமே அழகிகள் குறைவதற்குக் காரணம் உங்கள் ஏட்டிலேயே இருக்கும்.

ஆவாரங்காடு எழுதியது:

வேலிப்பருத்தி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு நீல வரியன்களும் கருப்பன்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்குக் கூட்டமாக வரும். பிறகு அக்டோபரையொட்டி மேற்கே திரும்பும். அந்த நாள்களில் பெட்டிக்கணக்கு உதவாது. ஓரிடத்தில் நின்று, இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரு கோடு கிழித்ததாக எண்ணிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை அந்தக் கோட்டைக் கடந்தன, எந்தத் திசையில் கடந்தன என்று தனித்தாளில் எழுதுங்கள். வழியில் கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ வாடிக் கிடந்தால் அதையும் பாருங்கள். ஆண் வரியன்கள் அதன் சாற்றுக்காக மொய்த்துக் கிடக்கும்.

பழைய ஏடுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஏறியதா இறங்கியதா என்று சொல்ல அவை உதவா. ஆனால் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்ற சான்றாக அவை முழுமையானவை. ஏதேனும் நட்சத்திர ஆமை, தேவாங்கு போன்றவற்றைக் கண்டு எழுதியிருந்தால், அந்த இடத்தை மட்டும் பொதுவெளியில் போடாதீர்கள்; இரண்டையும் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கண்மாய்க்கரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆமை ஒன்று இரண்டாம் ஏட்டில் இருக்கிறது. பேத்தியிடம் சொல்லி இடத்தை நீக்கிவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பி, பாதையை ஏழு துண்டாக்கி முதல் முறையாக எண்ணினேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. வெந்தய வரியன் எருக்கம்புதர்த் துண்டில் மட்டும் 9, மொத்தத்தில் 14. ஆறு நாள் என்று அழுதவனுக்கு ஒரே நடையில் பதினான்கு! வேலிப்பருத்தி அம்மா சொன்னபடி குனிந்து பின்னிறகைப் பார்த்ததில், கலிங்குக்குக் கீழே பருப்புக்கீரைமேல் அமர்ந்திருந்த ஒன்றுக்கு நடுவில் புள்ளி இல்லை. அதை மூன்று ஆண்டாக எந்தப் பெயரில் எழுதி வந்தேனோ தெரியாது.

பனங்காட்டில் உழவாரன்கள் இருக்கின்றன; எண்ணுவதற்குள் தலை சுற்றிவிட்டது, 'இருபதுக்கு மேல்' என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் துண்டு, அதாவது சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட பகுதியில், ஒன்றும் இல்லை. 0 போட்டுவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: அடுத்த ஞாயிறு வெளியூர்த் திருமணம் இருக்கிறது. பேத்தி நடந்து எண்ணினால் அதே ஏட்டில் சேர்க்கலாமா, அல்லது அந்த வாரத்தை விட்டுவிடலாமா?

பனையுழவாரன் எழுதியது:

சேர்க்கலாம் ஐயா, ஆனால் எண்ணியவர் பெயரைப் பக்கத்தின் மேல் எழுதிவையுங்கள். இளங்கண்ணுக்கு உங்களைவிடக் கூடுதலாகப் படும். இன்னொரு வழி, திருமணம் முடிந்து செவ்வாயன்று நீங்களே நடந்துவிடுங்கள். அதே வாரத்துக்குள் இருந்தால் போதும்.