வாடகை வீட்டு ஹாஸ்டலில் இருந்தவர்கள் யாராவது? (தர்மபுரி)

பென்னாகரத்தான்:
சொந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் நம்ம ஆதிதிராவிடர் நல ஹாஸ்டல் ஒரு பழைய வீட்டில் ஓடியதே, அந்தக் காலத்துக் கதை. வீட்டுக்காரரின் சாமி மாடம் எங்கள் அறைச் சுவரில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார், டிரங்குப் பெட்டிகளை ஒதுக்கி வழி விடுவோம். ஒரு வாரம் மாடத்துக்குக் கீழே ஒருத்தன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். எழுப்பப் போனேன். "விடு சாமி, தூங்கட்டும்" என்றவர், கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் என் கையில் வைத்து "நீயே ஏத்திடு" என்றார். ஏற்றினேன். நிலைப்படிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவே இல்லை. ஏன்?

அரூர்க்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாசாமாசம் அரசாங்க வாடகை இனிக்கும், நம்ம கை பட்ட விளக்கு கசக்கும். 2025 ஜூலையில் நல விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினார்கள் இல்லையா, அப்புறம் தம்பி மகனைச் சேர்க்கப் போய் டீக்கடையில் அந்தப் பேரைச் சொல்லி வழி கேட்டேன். டீ ஆத்திக்கொண்டே யோசித்தவர், "ஓ, அந்த ஹாஸ்டலா" என்று மோவாயால் காட்டினார். குரல் இறங்கிய விதம் இருக்கிறதே!

மொரப்பூர் மாமா:
அரூர் தம்பி, டீக்கடை விஷயம் சரி, பாட்டி விஷயத்தில் அவசரப்படாதீங்க. வேண்டாதவர் கிண்ணத்தைக் கையில் கொடுப்பாரா? முட்டி வலி, நடமாட்டமே நின்றுவிட்டது என்றுதான் எங்கள் சீனியர்கள் சொன்னார்கள். நாங்கள் சேர்ந்தபோது மாடத்தில் கரி மட்டும் இருந்தது, கிண்ணம் ஷேவிங் கிண்ணமாகிவிட்டது. என்னை உறுத்துவது அதுதான், நானும் அதில்தான் சோப்பு நுரைத்தேன். இன்னொன்று, ஒகேனக்கல் தண்ணீர் 2013-ல்தானே வந்தது, நாங்கள் குடித்தது ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர், கறை படிந்த பல்லைக் காட்டினாலே தர்மபுரி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அரூர்க்காரன்:
முட்டி வலிக்காரர் பேத்தியை அனுப்பியிருக்கலாமே மாமா?

பாலக்கோடு அக்கா:
சண்டை போதும். நான் ஹாஸ்டலில் இருந்ததில்லை, வீட்டில் விடவில்லை, அவ்வளவுதான் என் கதை. இந்த வருஷம் சேர்க்கப் போகிறவர்கள் கேளுங்க: பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் வீட்டுக்கும் காலேஜுக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு அந்த விதி கிடையாது. பக்கத்து ஊர்தானே என்று விட்டுவிடாதீங்க, போய்க் கேளுங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவையில் வாங்கி வையுங்க, அப்புறம் போனால் கூட்டம் தாங்காது. பெட்டிக்கு நல்ல பூட்டு, சொந்தமாக ஒரு தட்டு. வார்டன் நம்பரை அப்பா போனிலும் அம்மா போனிலும் ஏற்றிவிடுங்க.