இத்தாலியில் பதிவு செய்த தங்கும் வீடு வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படம் கேட்கிறது. அனுப்பலாமா?

கோவை மீனா:

வணக்கம். மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். ரோமில் பெரிய ஹோட்டல். அவர்கள் முன்கூட்டி எதுவும் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸில்தான் சிக்கல். பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு தங்கும் வீட்டை முன்பதிவுத் தளம் வழியாக எடுத்திருக்கிறோம். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தது:

"இத்தாலியச் சட்டப்படி விருந்தினர் அனைவரின் பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பவும். ஒருவர் பாஸ்போர்ட்டை முகத்தருகே பிடித்தபடி எடுத்த செல்ஃபியும் தேவை. கிடைக்காவிட்டால் வாசலில் உள்ள சாவிப் பெட்டியைத் திறக்கும் எண்ணைத் தர இயலாது."

என் பெயரும் தங்கும் தேதிகளும் சரியாக இருந்தன. முன்பதிவு எண் இல்லை. இந்த முன்பதிவைக் காட்டித்தான் விசாவே வாங்கினோம், அதனால் ரத்து செய்யவும் தயக்கமாக இருக்கிறது. கணவர் "எல்லா நாட்டிலும் கேட்பதுதானே, அனுப்பிவிடு" என்கிறார். ஆறு பேரின் பாஸ்போர்ட்டும் யாரென்றே தெரியாத ஒருவரின் கைப்பேசியில் போய்க் கிடப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. சட்டம் உண்மையிலேயே இதைக் கேட்கிறதா?

இன்னொன்று. மாமனார் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. அதனால் அங்கே தடங்கல் வருமா?

நெல்லை தாமஸ்:

அம்மா, சட்டம் இருக்கட்டும், முதலில் இதைச் சொல்லுங்கள். செய்தி வந்த எண்ணும், முன்பதிவு உறுதிச் சீட்டில் அந்த வீட்டுக்காரருக்கு என்று போட்டிருக்கும் எண்ணும் ஒன்றா? செய்தியில் ஏதாவது இணைப்பு இருந்ததா? வங்கி அட்டை விவரம் கேட்டார்களா?

கோவை மீனா:

எண் வேறு. இரண்டுமே +39 என்று இத்தாலி எண்ணாகத்தான் தொடங்குகின்றன. இணைப்பு இல்லை, அட்டையும் கேட்கவில்லை.

நெல்லை தாமஸ்:

அப்படியானால் அந்த எண்ணுக்கு இப்போதைக்குப் பதில் போடாதீர்கள். முன்பதிவுத் தளத்துக்குள் போய், அங்கிருக்கும் செய்திப் பெட்டியில் "இந்த எண் உங்களுடையதா?" என்று கேளுங்கள். உறுதிச் சீட்டில் உள்ள எண்ணை அழைத்தும் கேட்கலாம். மோசடிக்காரர்கள் விடுதியின் கணக்குக்குள் புகுந்து, பெயர், தேதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் செய்தி அனுப்புகிறார்கள். ஆகவே பெயரும் தேதியும் சரியாக இருப்பது எதற்கும் சான்று அல்ல. தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே போலிச் செய்தி வந்த நிகழ்வுகளும் உண்டு. "இன்னும் சில மணி நேரத்தில் அட்டையைச் சரிபார்க்காவிட்டால் முன்பதிவு ரத்து" என்று பயமுறுத்தி ஓர் இணைப்பைக் கொடுப்பார்கள். அப்படி வந்தால் இணைய முகவரியில் https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தளத்தின் பெயரை முகவரியின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு பெயரை ஒளித்திருப்பார்கள்.

சுதன், பலெர்மோ:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். பலெர்மோவில் ஒரு சிறிய விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறேன். நீங்கள் கேட்கும் பதிவை இரவில் செய்து முடிப்பதே என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் விவரத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டம், 109ஆம் பிரிவு. தங்க வருகிறவர் இத்தாலியராக இருந்தாலும் வெளிநாட்டவராக இருந்தாலும் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் நாங்கள் விவரத்தைப் பொலிஸுக்கு அனுப்ப வேண்டும். ஒரே இரவு தங்கிப் போகிறவர் என்றால் 6 மணி நேரத்துக்குள். இதற்கென்று பொலிஸ் நடத்தும் தளத்தின் பெயர் "அல்லோஜ்ஜாத்தி வெப்". அனுப்பாத விடுதிக்காரர் குற்றவியல் வழக்கைச் சந்திக்க வேண்டிவரும். ஆகவே "நான் ஏன் தர வேண்டும்?" என்று வாதிட்டால் அறை கிடைக்காது.

ஆனால் அந்தத் தளத்தில் நான் எதை நிரப்புகிறேன் என்று பாருங்கள். பெயர், குடும்பப் பெயர், பால், பிறந்த திகதி, பிறந்த நாடு, குடியுரிமை, வந்த திகதி, எத்தனை இரவு. பிறகு ஆவணத்தின் வகை, இலக்கம், வழங்கிய நாடு. இவ்வளவுதான். படத்தைப் பதிவேற்ற அங்கே ஓர் இடமே இல்லை. செல்ஃபிக்கும் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குடும்பமாக வந்தால் ஒருவரைக் குடும்பத் தலைவராகப் பதிந்து, ஆவண இலக்கத்தை அவருக்கு மட்டும் நிரப்புவோம். மற்றவர்களுக்குப் பெயர், பிறப்பு விவரம், குடியுரிமை போதும். எல்லோருடைய கடவுச்சீட்டையும் வாசலில் பார்த்துக்கொள்வோம், அது வேறு. ஆறு கடவுச்சீட்டின் படமும் சட்டத்துக்குத் தேவை என்பது சரியல்ல.

இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் பலர் திறந்து காட்டியிருக்கிறார்கள். தந்தை பெயர், தாய் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், வீட்டு முகவரி, பழைய கடவுச்சீட்டின் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். நான் நிரப்பும் படிவத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. கடைசிப் பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள்.

சாவிப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள்தான் படம் கேட்கின்றன. நேரில் ஆள் வைக்காமல் சமாளிக்க அதுதான் அவர்களுக்கு வழி. 2024 நவம்பரில் உள்துறை அமைச்சு, விருந்தினரை நேரில் பார்த்தே அடையாளம் உறுதி செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அது நீதிமன்றம் வரை போய், 2025 நவம்பரில் மேல்முறையீட்டில் செல்லும் என்று தீர்ப்பானது. அந்தச் சுற்றறிக்கையைச் சொல்லி, "நேரில் வந்து பாருங்கள்" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

முன்மேசை, சென்னை:

ஒரு ஹோட்டலில் நெடுங்காலம் முன்மேசையில் இருந்தவன் என்ற முறையில் விடுதிக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது அதைப் படிவம் சி என்போம். விமானம் இறங்கி ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்து நிற்பார்கள், குழந்தைகள் அழும். படம் முன்பே கையில் இருந்தால் தட்டச்சு முடிந்திருக்கும், சாவியை மட்டும் கொடுத்தால் போதும். விருந்தினர் கையால் எழுதித் தந்தால் ஓர் எழுத்து மாறிவிடுகிறது, பிறகு அலுவலகத்திலிருந்து எங்களுக்குத்தான் கேள்வி வரும். படம் கேட்பவர்கள் எல்லோரையும் திருடர்களைப் போலப் பார்க்க வேண்டாம்.

சுதன், பலெர்மோ:

அண்ணா, நெரிசல் எனக்கும் தெரியும். திருடர் என்று நான் சொல்லவில்லை. நல்ல விடுதியிடம் கொடுத்தாலும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் என் கவலை. 2025 ஆகஸ்டில், இத்தாலிய விடுதிகளின் கணினிகளிலிருந்து திருடப்பட்ட கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்கள் பல்லாயிரக்கணக்கில் இணையக் கள்ளச் சந்தையில் விலைக்கு வந்திருப்பதாக அரசின் இணையப் பாதுகாப்புக் குழுவே அறிவித்தது. எல்லாம் வரவேற்பு மேசையில் நல்லெண்ணத்தோடு எடுத்த படங்கள். பதிவு முடிந்ததும் அழித்திருந்தால் திருட அங்கே எதுவும் இருந்திருக்காது. பொலிஸுக்கு அனுப்பிய பின் விருந்தினர் விவரத்தை அழித்துவிட வேண்டும், அனுப்பியதற்கான பற்றுச்சீட்டை மட்டும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள விதி. கைப்பேசியில் வந்த படத்தை யார் தேடி அழிக்கிறார்கள்? பருவம் முடிந்து வேலையை விட்டுப் போகும் பையனின் கைப்பேசியிலும் அது இருக்கும்.

எழுத்துப் பிழை பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதனால்தான் வாசலில் கடவுச்சீட்டை வாங்கி ஒருமுறை ஒத்துப் பார்க்கிறோம். ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பார்சிலோனா போகும் ராஜி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் ஸ்பெயினில் வீட்டு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பணம் செலுத்திய விதம், பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன உறவு என்பதுவரை கேட்கிறார்கள். இது மோசடியா?

நெல்லை தாமஸ்:

இல்லை சகோதரி, ஸ்பெயினில் அது சட்டம். 2021இன் 933ஆம் எண் அரசாணை, 2024 டிசம்பர் 2 முதல் விடுதிகளுக்குக் கட்டாயமானது. நீங்கள் சொன்ன அத்தனையும் அதில் உண்டு. ஆனால் ஆவணத்தின் நகல் அதில் இல்லை. விடுதிகள் அடையாள ஆவணத்தை நகலெடுத்து வைப்பது தேவைக்கு மிஞ்சியது என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு முகமை 2025இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நிரப்புங்கள், படம் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு நாட்டு வழக்கமும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். ஜப்பானில், அங்கே முகவரி இல்லாத வெளிநாட்டவரின் குடியுரிமையையும் பாஸ்போர்ட் எண்ணையும் விடுதிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வரவேற்பில் பாஸ்போர்ட்டை நகலெடுத்துக்கொள்ளும்படி அரசே விடுதிகளிடம் சொல்கிறது. அங்கே போய் மறுத்துப் பயனில்லை. நெதர்லாந்து இதற்கு நேரெதிர். விடுதி விவரத்தைக் குறித்துக்கொள்ளலாம், நகல் எடுக்கக் கூடாது. நகல் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில் எண்ணை மறைத்து, யாருக்காக, எதற்காக என்று படத்தின் குறுக்கே எழுதித் தருவதற்கு அந்த அரசே ஒரு செயலி வைத்திருக்கிறது. எங்கே கொடுக்க நேர்ந்தாலும் அப்படிக் குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்லது. அடியில் சங்கிலி போல இரண்டு வரி இருக்கிறதே, கருவி படிக்கும் வரிகள், அவற்றையும் கையெழுத்தையும் மறைத்துவிடுங்கள்.

திருச்சி வேணு:

நாங்கள் போன மாதமே வெனிஸில் ஒரு வீட்டுக்கு எல்லாப் படத்தையும் அனுப்பிவிட்டோம். பயணமும் முடிந்துவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

நெல்லை தாமஸ்:

அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள் ஐயா. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அங்கே தொழில் நடத்தும் விடுதியைக் கட்டுப்படுத்துகிறது. விருந்தினர் எந்த நாட்டுக் குடிமகன் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே நமக்கும் அந்த உரிமை உண்டு. 17ஆம் பிரிவின்படி அழிக்கக் கோருகிறேன் என்று மின்னஞ்சல் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தால் மட்டும் வங்கியை அழைத்து அந்த அட்டையை இன்றே முடக்கச் சொல்லுங்கள்.

கோவை மீனா:

எல்லோருக்கும் நன்றி. தளத்தின் செய்திப் பெட்டியில் கேட்டேன், உறுதிச் சீட்டில் உள்ள எண்ணையும் அழைத்தேன். வீட்டுக்காரர் அம்மையாரே பேசினார். வாட்ஸ்அப் செய்தி அனுப்பியது அவர் அமர்த்தியிருக்கும் முகவர்தானாம், மோசடி இல்லை. படங்கள் தர முடியாது என்றதும் முதலில் "எல்லோரும் தருகிறார்களே" என்றார். பிறகு சுதன் தம்பி சொன்னதை வைத்து, தளம் வழியாக இப்படி எழுதினேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று அப்படியே தருகிறேன்:

"பொலிஸ் பதிவுக்குத் தேவையான விவரங்கள் அனைத்தையும் இத்துடன் எழுத்தில் தருகிறோம். ஆறு பாஸ்போர்ட்டுகளையும் வந்து சேரும்போது நேரில் காட்டுகிறோம். பாஸ்போர்ட் படங்களையும் செல்ஃபியையும் அனுப்ப இயலாது. எங்களைச் சந்திக்க யார், எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிவிக்கவும்."

ஒப்புக்கொண்டார். மாலை 4 மணிக்கு முகவர் வாசலுக்கு வந்து பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் தருவாராம். தாமதமானால் அழைக்கச் சொன்னார். கணவருக்கும் இப்போது நிம்மதி. மாமனார் பெயர் விஷயம் மட்டும் பாக்கி.

சுதன், பலெர்மோ:

மகிழ்ச்சி அக்கா. பொலிஸ் தளத்தில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது. எனவே "கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லை, முழுப் பெயர் இதுதான்" என்று விவரத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். எப்படி நிரப்புவது என்று அவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வார்கள். அவருடைய தந்தையார் பெயரைக் குடும்பப் பெயராக நீங்களே சேர்க்க வேண்டாம். கடவுச்சீட்டிலும் விசாவிலும் இல்லாத பெயர் பதிவில் வந்தால் வீண் குழப்பம். கணவரைக் குடும்பத் தலைவராகக் காட்டினால் ஆவண இலக்கம் அவருடையது மட்டும் போதும்.

பிறந்த திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களிடம் நகர நிர்வாகம் வாங்கும் நகர வரியைப் பல வீடுகள் வாசலில் ரொக்கமாகக் கேட்கும். பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் விலக்கு உண்டு, அவர்கள் வயதைச் சொல்லி ஃப்ளோரன்ஸில் எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை மீனா:

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன் தம்பி. ரோம் ஹோட்டலுக்கும் மாமனார் பெயரைப் பற்றி அதே வரியை அனுப்பியிருக்கிறேன். வரிக் கணக்கை நாளை எழுதித் தருவதாக அம்மையார் சொல்லியிருக்கிறார்.